கொடிக்கயிறு

காலனிக்காரியான செங்கமலம் ஊராட்சித் தலைவியாகி இரண்டு சுதந்திர தினம் போய்விட்டது. இரண்டிலும் கொடியேற்றியவர் துணைத்தலைவர் வேலப்பன்தான். இந்த வருஷமும் முதல் நாளே வந்து சொல்லிவிட்டார்.

"நீ ஓரமா நின்னா போதும். உன் கை பட்ட கயித்த எங்க ஆளுங்க யாரும் தொடமாட்டாங்க."

இதையே எத்தனை தடவைதான் கேட்பது? அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. "சரிங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போய், கொடிக்குள் பூ வைத்து மடித்துக் கட்டி, தானே கம்பத்தில் ஏற்றி வைத்தாள்.

ஊர் கூடியது. புதிதாக வந்த வட்டார அதிகாரியும் வந்தார். மொடமொடக்கும் வேட்டியோடு வேலப்பன் கம்பத்தை நெருங்கினார்.

"இழுங்க" என்றாள் செங்கமலம், எல்லாருக்கும் கேட்கும்படி. "பூ வச்சது, கொடி கட்டுனது, கயிறு முடிஞ்சது எல்லாம் நான்தாங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. தொட்டால் பின்னால் நிற்கும் பங்காளிகள் விடமாட்டார்கள். தொடாத காரணத்தைச் சொன்னால் போலீஸ் விடாது.

"என்னங்க தயக்கம்?" என்றார் அதிகாரி.

"தோள்பட்டை வலிங்க" என்றார் வேலப்பன்.

"அப்போ தலைவரே ஏத்தட்டும்."

செங்கமலம் ஒரே இழுப்பில் கொடியை விரித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

"பாவம், இவர் தோள் எப்போ சரியாகுமோ" என்றார் அதிகாரி.

"என் பதவிக்காலம் முடிஞ்சதும் சரியாயிடும்ங்க" என்றாள் செங்கமலம்.