உப்பு நக்கிய ஆடு

முதலில் கேட்டது சத்தம்தான். அடுப்படியில் கலகலவென்று ஏதோ வறுபடும் சத்தம். கடலை என்று நினைத்தால் வாசனை வரவில்லை. எட்டிப் பார்த்தால், சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் பொன்செல்வி கண்ணாடிபோல் இருக்கும் சிலிக்கா ஜெல் மணிகளை வறுத்துக்கொண்டிருந்தாள். கேமராப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்குப் போடுகிற மணிகள். ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். வறுத்தால் பழையபடி நீலமாகும். தூத்துக்குடிக் காற்றில் இதைச் செய்யாவிட்டால் லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிடும்.

முன்னறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஓவிய வாத்தியார் சங்கரபாண்டியன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மிக்கேல், பஸ் கண்டக்டர் கலீல். பொன்செல்வியையும் சேர்த்து நான்கு பேர் கொண்ட படக்குழு அது. நால்வருக்கும் பொதுவாக ஒரே ஒரு தூர லென்ஸ். மாதம் ஒருவர் தம் படத்தை வைப்பார். மற்றவர்கள் குறைநிறை சொல்வார்கள். சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. யார் சொன்னதால் படம் தேறியதோ, அடுத்த மாதம் முழுக்க லென்ஸ் அவர் கையில். தீர்ப்பு எடுத்தவருடையது.

இந்த மாதம் போட்டி கடுமை. உப்பளத்துக்குப் பூநாரைகள் வந்திருந்தன. ஒரு மாதம் நிற்கும். பிறகு அடுத்த வருஷம்தான்.

"மணி நீலமாகிறதுக்குள்ள லென்ஸ் யாருக்குன்னு சொல்லிரு செல்வி," என்றார் வாத்தியார்.

போன மாதம் நடந்தது இது. வாத்தியாரும் மிக்கேலும் பொன்செல்வியும் ஒரு காலையில் உப்பளத்துக்குப் போனார்கள். அங்கே வேலை பார்க்கும் இசக்கியம்மாள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தார்கள். பிறகு அவள் உப்புக் குவியலில் சாய்ந்து, கையகலக் கண்ணாடியைப் பிடித்துப் பொட்டைச் சரிசெய்தாள். சேலைக்கு மேல் வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துண்டு. பொன்செல்வி அதைப் படமெடுத்தாள். கலீல் குழுவில் சேர்ந்தது அதற்கடுத்த வாரம்.

போன மாதக் கூட்டத்தில் பொன்செல்வி அந்தப் படத்தை வைத்தாள்.

"அடிவானம் வலப்பக்கம் சாயுது. நேராக்கு," என்றார் வாத்தியார். உண்மைதான்.

"இடது ஓரத்து நீல டிரம் கண்ணை இழுக்கு. அதை வெட்டிரு தாயி," என்றார் மிக்கேல். அதுவும் உண்மைதான்.

கலீல் வெகுநேரம் பார்த்தான். "அக்கா, ஆடு எதுக்கு உப்பை நக்குது?"

மிக்கேல் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. "கண்ணாடிக் கடைக்குப் போவும்வே," என்றார் வாத்தியார். பொன்செல்விக்கு முகம் கடுத்தது. பேசக்கூடாதே, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அடிவானத்தை நேராக்கினாள். டிரம்மை வெட்டினாள். மறுநாள் அச்செடுத்துக்கொண்டு இசக்கியம்மாளிடமே போனாள். அவள் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏளா, இதுல நான் எங்க இருக்கேன்?"

பொன்செல்விக்கு அந்த ஆடு ஞாபகம் வந்தது. அதே குவியல், அதே கண்ணாடி. இந்த முறை வரப்பில் பொத்தென்று உட்கார்ந்து கீழிருந்து எடுத்தாள். இசக்கியம்மாளின் முகமும் மின்னும் கண்ணாடியும் நீல வானத்துக்கு எதிரே எழுந்து நின்றன. அச்செடுத்துக் காட்டியதும் இசக்கியம்மாள் அந்தப் படத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திருப்பித் தரவேயில்லை.

இப்போது அதே படத்தின் இன்னொரு பிரதி மூவர் நடுவில் கிடந்தது.

"கோணல் போயிருக்கு. நான் சொன்னது," என்றார் வாத்தியார்.

"சார், இதுல அடிவானமே இல்லையே. குவியல் மறைச்சிருக்கு," என்றார் மிக்கேல். "நான் டிரம்மைச் சொன்ன பிறகுதான் ஓரத்தைக் கவனிச்சிருக்கா."

"டிரம் அங்கனயேதான் நிக்கி."

"நின்னா என்ன, யாருக்கும் தெரியலைல்லா?"

கலீல் வாசல் பக்கம் நகர்ந்தான். "எனக்கு வேண்டாம் சார். நான் தப்பாத்தானே பார்த்தேன்."

"அப்படிச் சொல்லும்," என்றார் வாத்தியார். "தப்பாப் பார்த்தவனுக்கு லென்ஸுன்னா, நாளைக்கு எல்லாரும் கண்ணை மூடிட்டுப் பேசுவான்."

வாணலியில் பாதி மணிகள் நீலமாகிவிட்டன. பொன்செல்வி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். படிப்பவரே, நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் லென்ஸை யாரிடம் கொடுப்பீர்கள்? சரியாகச் சொன்ன இருவரில் ஒருவருக்கா, தப்பாகப் பார்த்தவனுக்கா?

விடை: கலீலுக்குத்தான் கொடுத்தாள். வாத்தியாரும் மிக்கேலும் சொன்னதை அப்படியே செய்தும், வெள்ளை உப்பில் வெள்ளைச் சட்டையும் துண்டும் கரைந்துபோனதால் இசக்கியம்மாளால் தன்னையே கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் இருவரும் அன்று உடன் இருந்தவர்கள்; அவள் கையால் காப்பி குடித்தவர்கள். படத்தில் இல்லாததை ஞாபகம் நிரப்பிக் கொடுத்துவிட்டது. எடுத்த பொன்செல்விக்கும் அதே கதிதான். அங்கே போகாத கலீல் ஒருவன்தான் காகிதத்தில் இருந்ததை மட்டும் பார்த்தான். பார்த்ததைக் கூச்சமில்லாமல் சொன்னான். இசக்கியம்மாள் கேள்வியில் இருந்ததும் அதே குறைதான், ஆனால் முதலில் கேட்டவன் அவன். "கண்ணை மூடிட்டுப் பேசல சார், திறந்துட்டுப் பேசினான்," என்றாள் பொன்செல்வி. "பூநாரையை எடுத்துட்டு வாரும்வே. 'இது என்ன வாத்தா?'ன்னு நான் கேக்கேன்," என்றார் வாத்தியார். கலீல் லென்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மிச்ச மணிகள் இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தன. பொன்செல்வி உள்ளே போய், தீயைக் குறைத்து, கிளறத் தொடங்கினாள்.