தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

காய்கறி விற்கும் காத்தாயிக்குத் தலை நரைத்த பிறகு பிறந்தவள் பவளம். 'இந்த வயசில் ஏது பிள்ளை? எங்கேயோ திருடியிருக்கிறாள்' என்று மணியக்காரர் குப்பையாண்டிக்கு ஓயாத சந்தேகம். ஒருநாள் சந்தை நடுவில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னை யாருடி பெத்தது?”

“யாரும் பெக்கல. தவிட்டுக்கு வாங்கினாங்களாம். அம்மாதான் சொல்லுச்சு.”

“கேட்டீங்களாய்யா? பிள்ளையே சாட்சி சொல்லிடுச்சு. தூக்குங்கடா இந்தக் காத்தாயியைப் போலீஸ் கச்சேரிக்கு!”

காத்தாயி தராசை வீசியெறிந்தாள்.

“செல்லத்துக்குச் சொன்னது செல்லும்னா, உங்க பேரும் செல்லணுமே சாமி! பிள்ளை தங்கணும்னு உங்க ஆத்தா உங்களைக் குப்பையில புரட்டித்தானே அந்தப் பேரை வச்சாங்க? உங்களை எந்தக் குப்பைமேட்டுல பொறுக்கினாங்கன்னு முதல்ல விசாரிப்போம். அப்புறம் தவிட்டுக்கு வருவோம்.”

சந்தையே சிரித்தது. மணியக்காரர் கையை விட்டார்.

“அப்போ என்னை வாங்கலியாம்மா?”

காத்தாயி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். “வாங்கியிருந்தா, நீ பண்ற சேட்டைக்கு அரைப்படிக்கு மேல கொடுத்திருப்பேனாடி?”