யாரும் திரும்பிப் பார்க்காத கோல்கீப்பர்

நெடுஞ்சுனைக் காட்டில் விலங்குகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரிக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. ஆகா, அது என்ன டீம் தெரியுமா! மான் ஓட ஆரம்பித்தால் கண்ணால் பார்க்க முடியாது, புழுதிதான் தெரியும். காட்டுப்பன்றி பந்தோடு வந்தால் எதிரிகள் தாங்களாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள். வாலப்பன் என்று ஒரு குரங்கு இருந்தது. அது பந்தைத் தலையால் தட்டித் தட்டியே மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். சுற்று வட்டாரத்தில் எந்தக் காட்டிலும் இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் கிடையாது.

ஆனால் வருஷா வருஷம் என்ன நடந்தது? போட்டிகள் முடியும்போது பார்த்தால் நெடுஞ்சுனை டீம் நட்ட நடுவில் நிற்கும். ஒரு வாரம் பெரிய டீமைத் துவைத்துக் காயப்போடும். மறு வாரம் பேரே தெரியாத டீமிடம் செமத்தியாக வாங்கிக்கொண்டு வரும். எனக்கே எரிச்சலாக இருக்கும் போங்கள்! கடைசியாக வந்தாலாவது "அடப் பாவமே" என்று நாலு பேர் சொல்வார்கள். நடுவில் வந்தவனை யார் விசாரிக்கிறார்கள்?

அந்த டீமின் கோல்கீப்பர் ஒரு முள்ளம்பன்றி. பெயர் சிலுப்பன்.

மைதானத்தின் கோடியில் இரண்டு மருத மரங்கள் நின்றன. அவைதான் கோல். அவற்றுக்கு நடுவில் சிலுப்பன் நிற்கும். காட்டுக்கொடியால் பின்னிய பந்து பறந்து வரும். சிலுப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு பாயும். பந்து முள்ளில் சொருகிக்கொண்டு அப்படியே நிற்கும். அதற்கப்புறம் எந்தக் கொம்பனாலும் அதைக் கோலுக்குள் தள்ள முடியாது.

இத்தனை நல்ல கோல்கீப்பருக்கு ஒரு நண்பன்கூட இல்லை என்றால் நம்புவீர்களா? இல்லை. ஆனால் அதுதான் உண்மை.

அதற்குக் காரணம் அந்தக் கல்லூரியின் வழக்கம். யார் கோல் போட்டாலும் அவருக்குக் காட்டுமல்லி மாலை போடுவார்கள். முதல்வர் யானை அவரைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு கல்லூரியைச் சுற்றி வருவார். பின்னாலேயே டீம் முழுக்க ஆடிக்கொண்டு போகும். அன்று முழுக்க அந்தக் கோலைப் பற்றித்தான் பேச்சு. கோல் போட்டவருக்குத்தான் இதெல்லாம். பந்தை எடுத்துக் கொடுத்தவருக்கு ஒன்றும் கிடையாது. கோலைத் தடுத்தவருக்கோ, கேட்கவே வேண்டாம்!

அதனால் என்ன ஆயிற்று? பந்து எங்கே இருந்தாலும் எல்லோரும் முன்னாலேயே நின்றார்கள். எல்லோருக்கும் மாலை வேண்டும். எல்லோருக்கும் யானை முதுகு வேண்டும். சிலுப்பன் மட்டும் பின்னால் தனியாக நின்றது.

பயிற்சியிலும் அதே கதைதான். எல்லோரும் வரிசையாக வந்து கோலை நோக்கி உதைப்பார்கள். சிலுப்பன் தடுத்துக்கொண்டே இருக்கும். பயிற்சி முடிந்ததும், "டேய் சிலுப்பா, பந்தைக் கொண்டுவந்து வெச்சிடு!" என்று சொல்லிவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். பந்து இதன் முதுகில் குத்தி நிற்கும். தனியாக அதை எப்படி எடுப்பது? மருத மரத்தில் உரசி உரசிப் பிடுங்கவேண்டும். பிடுங்கி முடிப்பதற்குள் மைதானம் காலியாகிவிடும். அதற்குப் பேச்சுத்துணைக்கு ஒரு குருவிகூட இருக்காது.

"எங்களோட வாடா" என்று யாராவது ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று சிலுப்பன் காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கிட்டே போனாலும், "ஐயோ, குத்திடப் போறே! தள்ளி நில்லு!" என்று ஒதுங்கினார்கள். வளைக்குப் போனால் அங்கேயும் தனிமைதான். டீமில் இருப்பதால்தான் நாலு பேர் நிற்கிற இடத்தில் தானும் நிற்க முடிகிறது என்று சிலுப்பன் மனசைத் தேற்றிக்கொண்டது. அதற்கு இருந்தது அந்த ஒரு இடம்தான்.

ஒரு வருஷம் புதிதாக ஒரு கோச் வந்தார். நரி. கழுத்தில் ஊதல், வாயில் ஓயாத பேச்சு. "இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்!" என்றார். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். அடுத்ததில் தோற்றார்கள். மறுபடி ஜெயித்தார்கள். மறுபடி தோற்றார்கள். நரிக்கு முகம் தொங்கிவிட்டது.

தோற்ற அன்று நரி கூட்டம் போட்டார்.

"இவ்வளவு திறமை இருந்தும் ஏன் தோற்கிறோம்? சொல்லுங்கள்!"

"புல் சரியில்ல சார்," என்றது மான்.

"வெயில் கண்ணுல அடிச்சுது சார்," என்றது காட்டுப்பன்றி.

"பந்தே சரியில்ல சார்!" என்றது வாலப்பன்.

கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்றிருந்த சிலுப்பன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தது.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? நான் பின்னாடி நின்னு எல்லாத்தையும் பார்க்கிறேன். பந்து நம்ம பக்கம் வரும்போது அவங்க நாலு பேர் வர்றாங்க. நான் ஒருத்தன் நிக்கிறேன். நான் ஒரு பக்கம் பாயுறதுக்குள்ள மறுபக்கம் நிக்கிறவனுக்குப் பந்தைத் தள்ளிடுறாங்க. நம்மாளுங்க யாருமே திரும்பி வர்றதில்ல சார்..."

"ஓகோ! பந்தை விட்டது நீ, பழி எங்க மேலயா?" என்று காட்டுப்பன்றி சீறியது.

"இவன் பக்கத்துல யார் சார் வந்து நிப்பாங்க? முள்ளு குத்தாதா?" என்று வாலப்பன் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

நரி யோசித்தார். ஆட்டக்காரர்களைக் கண்டித்தால் அவர்கள் முறைத்துக்கொள்வார்கள். முள்ளம்பன்றியை நிறுத்தினால் கேட்க ஆளில்லை. அவருக்கு எது சுலபமோ அதைச் செய்தார்.

"சிலுப்பா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

சிலுப்பன் கெஞ்சியது. "சார், கோல்கீப்பரா வேண்டாம் சார். வெளியில போற பந்தை எடுத்துப் போடுறதுக்காவது வர்றேன் சார். சும்மா ஒரு ஓரமா நிக்கிறேன்."

"அதெல்லாம் வேண்டாம். போ!"

மறுநாள் சிலுப்பன் மைதானத்துக்கு வெளியே ஒரு புதருக்குப் பக்கத்தில் போய் நின்றது. உள்ளே எல்லோரும் ஓடினார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். அது இல்லாதது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. சிலுப்பன் அழுதது. அழுவதைப் பார்க்கவும் அங்கே ஆளில்லை. அந்த வாரமே டி.சி. வாங்கிக்கொண்டு காட்டை விட்டே கிளம்பிவிட்டது.

போன இடம் கருவேலங்காடு. அங்கேயும் ஒரு கல்லூரி உண்டு, ஒரு டீம் உண்டு. டீமா அது! ஒரு எருமை, ஒரு ஆமை, ஒரு கீரி, நாலைந்து காடைகள். எருமைதான் கேப்டன்.

"ஏம்பா, நெடுஞ்சுனையில இருந்தா வர்றே? நாங்க உங்க அளவுக்குத் திறமைசாலிங்க இல்லப்பா," என்றது எருமை. அப்புறம் நேராகக் கிட்டே வந்தது.

"குத்திடும்ணே! தள்ளி நில்லுங்க!" என்று சிலுப்பன் பதறியது.

"மூக்குல முள்ளு இல்லையே!" என்று சொல்லி, எருமை தன் மூக்கைச் சிலுப்பனின் மூக்கோடு வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தது. ஆமையும் வந்து தேய்த்தது. காடைகள் இறங்கி வந்து மூக்கில் செல்லமாகக் கொத்திவிட்டுப் போயின. முள்ளம்பன்றிக்குப் பயம் வந்தால்தான் முள் விறைக்கும். மற்ற நேரத்தில் அது படிந்தேதான் கிடக்கும். பழைய டீமில் ஒருத்தராவது கிட்டே வந்திருந்தால் இது தெரிந்திருக்கும்!

முதல் ஆட்டத்தில் எதிரிகள் பந்தோடு வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் சிலுப்பனுக்கு வலப்பக்கம் எருமை மூச்சு வாங்க வந்து நிற்கிறது. இடப்பக்கம் ஆமை நிற்கிறது. அது முன்னாலே போகவே இல்லை, அது வேறு விஷயம்.

"எதுக்குண்ணே இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க?" என்று சிலுப்பன் கேட்டது.

"பந்து இங்கதானே வருது! வேற எங்க போறது?" என்றது எருமை.

நெடுஞ்சுனையில் என்ன ஆயிற்று? கோலில் நிற்க ஆள் வேண்டுமே! "நான் மாட்டேன்" என்றது மான். "நானும் மாட்டேன்" என்றது காட்டுப்பன்றி. அங்கே நின்றால் மாலை ஏது? கடைசியில் நரி சீட்டுக் குலுக்கிப் போட்டார். வாலப்பன் பெயர் வந்தது. குரங்கு குதித்தது, கெஞ்சியது, கோபித்துக்கொண்டு மரத்தில் ஏறியது. ஒன்றும் பலிக்கவில்லை.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் வந்தது. நெடுஞ்சுனை மைதானத்தில், நெடுஞ்சுனைக்கும் கருவேலங்காட்டுக்கும் போட்டி. அந்த வருஷம் எல்லா டீமும் கிட்டத்தட்டச் சமமாகவே ஜெயித்திருந்ததால், இந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் நெடுஞ்சுனைக்குக் கோப்பை. தோற்றால் வழக்கம்போல நடுவில்தான்.

ஆட்டம் தொடங்கியது. மான் சீறிக்கொண்டு போய் ஒரு கோல் போட்டது. எல்லோரும் மானைச் சுற்றி ஆடினார்கள். வாலப்பனும் ஆட ஓடியது. பாதி தூரம் போனபோதே, "ஏய், நீ எங்க வர்றே? கோலுக்குப் போ!" என்று நரி ஊதலை ஊதிக் கத்தினார். வாலப்பன் திரும்பி வந்து மரங்களுக்கு நடுவில் நின்றது.

அப்போதுதான் அது முதல்முதலாக அந்த மைதானத்தைப் பின்னாலிருந்து பார்த்தது. எங்கே பார்த்தாலும் முதுகுகள். மானின் முதுகு, பன்றியின் முதுகு, முயலின் முதுகு. ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

பந்து திரும்பி வந்தது. எருமை வந்தது, கீரி வந்தது, காடைகள் வந்தன.

"டேய், யாராவது வாங்கடா!" என்று வாலப்பன் கத்தியது.

யாரும் திரும்பவில்லை. கோல்!

மறுபடி பந்து வந்தது. "மானே! பன்னியண்ணே! ஒருத்தராவது வாங்களேன்!" குரங்கு தொண்டை கிழியக் கத்தியது. அவர்கள் அங்கே எதிரிக் கோலுக்குப் பக்கத்தில் பந்து வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி கோல்!

அந்தப் பக்கம் சிலுப்பன் முதுகில் பந்தாக வாங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் தவறினால் எருமை தடுத்தது. இடப்பக்கம் தவறினால் ஆமை குறுக்கே படுத்தது. மானும் பன்றியும் முயலும் ஆளுக்கொரு தடவை தாங்களே கோல் போடப் பார்த்தார்கள். யாரும் யாருக்கும் பந்தைத் தள்ளவில்லை. ஆட்டம் முடிந்தபோது கருவேலங்காடு ஜெயித்திருந்தது. நெடுஞ்சுனை மறுபடியும் நடுவில்!

தோற்ற பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? மானுக்கு மாலை போட்டார்கள்! "நம்ம டீமுக்குக் கோல் போட்டது மான்தானே!" என்று முதல்வர் யானை முதுகைக் கொடுத்தார். "அடுத்த வருஷம் நல்ல கோல்கீப்பராப் பார்க்கணும்," என்று நரி சொன்னார். ஊர்வலம் கிளம்பியது.

"கொஞ்சம் நில்லுங்கடா, நானும் வர்றேன்!" என்று வாலப்பன் கூப்பிட்டது.

மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேளம் இல்லாவிட்டாலும் கேட்டிருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். குரங்கு மருத மரத்தடியில் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு உருவம் மெதுவாக நடந்து வந்தது. சிலுப்பன்! அது வந்து, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தது.

"சிலுப்பா," என்றது குரங்கு. "ஒரு ஆட்டத்துக்கே எனக்கு உசுரு போயிடுச்சுடா. நீ எப்படிடா இத்தனை வருஷம் இங்க நின்னே?"

"எப்பவாவது ஒருநாள் யாராவது திரும்பிப் பார்ப்பீங்கன்னு நின்னேன்ணே."

"அன்னிக்கு நானும் சிரிச்சேனேடா," என்றது குரங்கு. "எங்களோட திரும்பி வந்துடுடா. நான் உன் பக்கத்துல நிக்கிறேன்."

சிலுப்பன் குரங்கின் முகத்தையே பார்த்தது. இந்த வார்த்தைக்காக அது எத்தனை நாள் காத்திருந்தது!

அதற்குள் எதிர்க்கோடியிலிருந்து எருமை கத்தியது. "ஏம்பா சிலுப்பா! நீ வராம நாங்க எப்படிப்பா கிளம்புறது? ஆமைகூட ரெடியாயிடுச்சு, வாப்பா!"

"என்னைத் தேடுறாங்கண்ணே," என்றது சிலுப்பன். எழுந்து, மெதுவாகக் குரங்கின் மூக்கில் தன் மூக்கை ஒரு தடவை வைத்து எடுத்தது. அப்புறம் தன் டீமை நோக்கி ஓடியது. வாலப்பன் அது போவதையே பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது.

எவ்வளவு திறமை இருந்தாலும், தமக்காகப் பின்னால் நிற்பவனைத் திரும்பிப் பார்க்காத கூட்டம் ஒருநாளும் முன்னுக்கு வராது.