பெட்டி பிரிக்காத கண்டன்சர்

சங்கரன்கோவிலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சந்தனமாரியை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் தொழில் படிக்க வந்தவர் அருளானந்தம். வாத்தியாரைவிடச் சீடருக்குத்தான் வயது கூட. அவரும் அவளை "வாத்தியாரே" என்பார். வயதுக்காக அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

அவர் படிக்க வந்ததே பயத்தினால்தான்.

வீட்டில் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபயர் இருந்தது. இசைத்தட்டுப் போட்டுக் கேட்கிற செட். ஒருநாள் அடிமூடியைக் கழற்றி, வால்வு இரண்டை எடுத்து வைத்துவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். நடுவில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்க எழுந்தார். மனைவி லூர்து விளக்குமாற்றோடு வந்து, "இதைத் தள்ளி வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வையேன். கரண்டுதான் இல்லையே. ஒண்ணும் செய்யாது."

வயரில் கரண்டு இல்லைதான். ஆனால் உள்ளே, கரண்டைத் தேக்கி வைக்கிற கண்டன்சர் தான் குடித்ததை அப்படியே வைத்திருந்தது. கை பட்டதும் லூர்து சுவரோரம் போய் விழுந்தாள். கை வெகுநாள் மரத்துக் கிடந்தது. இடுப்பில் இருந்த பிள்ளை அப்போதுதான் இறங்கித் தவழ்ந்து போயிருந்தது. அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அன்றிலிருந்து செட் கோழிக்கூட்டுப் பக்கம் சாக்கு மூடிக் கிடந்தது.

"ஒண்ணும் செய்யாதுன்னு இன்னொரு தரம் சொன்னீங்கன்னா, செட்டோட நீங்களும் அங்கதான்" என்றிருந்தாள் லூர்து.

அந்தக் கண்டன்சர் உப்பிப்போயிருந்தது. மாற்றுக்கு ஒன்று தேடினார். டப்பா போல நிமிர்ந்து நிற்கிற அந்த வகை இப்போது வருவதில்லை. திருநெல்வேலிக் கடைக்காரர், "இதுக்கு நீங்க மியூசியத்துக்குத்தான் போகணும்" என்று சிரித்தார். இன்னொருவர் வோல்ட் குறைந்த ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார். கடைசியில் மதுரையில், பழைய சாமான் கடையின் மூட்டைக்குள் கிடைத்தது. அதே கம்பெனி, அதே வோல்ட். பெட்டிகூடப் பிரிக்கவில்லை.

கடைக்கு ஓடிவந்தார்.

"புத்தம் புதுசு வாத்தியாரே. செஞ்ச நாள்லருந்து கரண்டையே பாத்ததில்ல."

சந்தனமாரி வாங்கிப் பார்த்தாள்.

"அதான் அண்ணாச்சி பயமா இருக்கு."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்கு வரக்கூடாதா?"

மேசையடியிலிருந்து வேறொரு கண்டன்சரை எடுத்தாள். அதுவும் பழையது, அதுவும் பெட்டி பிரிக்காதது. இரண்டு வயர் கட்டி, நடுவில் கரண்டை ஒரே பக்கமாக விடுகிற டயோடு ஒன்றை வைத்து, எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் மூடினாள்.

"தள்ளி நில்லுங்க."

சுவிட்சைப் போட்டாள். முதலில் ஒன்றுமில்லை. அருளானந்தம் வாயைத் திறந்தார். அதற்குள் டின் துள்ளி விழுந்தது. சத்தத்தில் எதிர்க் கடைப் பரோட்டா மாஸ்டர் எட்டிப் பார்த்தார். வெள்ளைப் புகை, அழுகிய மீன் போல ஒரு நாற்றம்.

அருளானந்தம் சுவரோடு சாய்ந்து நின்றார்.

"நான் இதை நேரா செட்டுல மாட்டிருப்பேன்" என்றார். "பிள்ளை செட்டு வைக்கிற மேசைக்குக் கீழதான் விளையாடும்."

சந்தனமாரி கையால் புகையை விலக்கினாள். டின்னை எடுத்து ஓரமாக வைத்தாள். அவர் கொண்டுவந்ததற்கு வயர் கட்டினாள். இந்தத் தடவை நடுவில் டயோடோடு ஒரு குண்டு பல்பையும் சேர்த்தாள்.

"சுவிட்சைப் போடுங்க."

"நானா?"

"உங்க கண்டன்சர்தானே?"

எட்ட நின்று கையை நீட்டிப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. பல்பு செக்கச் சிவந்து எரிந்தது.

"எரியுதே?"

"சும்மாவே கிடந்ததுல்ல. தாங்கத் தெரியாது. வர்ற கரண்டை பல்பு தடுத்துத் தடுத்து விடுது. அது தாங்கப் பழகிட்டா பல்பு தானா அணைஞ்சிரும்."

ஒரு டீ வந்தது, குடித்தார்கள். பல்பு கொஞ்சம் மங்கியது. வேறு வேலை பார்த்தார்கள். இன்னும் மங்கியது. வெயில் சாய்கிற நேரத்தில் பல்புக் கம்பி கறுத்துவிட்டது. சந்தனமாரி பிளக்கைப் பிடுங்கினாள்.

"இப்போ காலி பண்ணுங்க."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தொடணுமா?"

"கையால இல்ல அண்ணாச்சி. மதினிக்கு யார் பதில் சொல்றது?"

வயர் நீட்டிய இன்னொரு பல்பைக் கொடுத்தாள். அவர் கை நடுங்கியது. முனைகளைத் தொட்டார். பல்பு மினுக்கென்று பூத்து அணைந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டு உள்ளேயே இருந்திருக்கிறது.

மறுபடி தொட்டார். பூக்கவில்லை.

"இன்னொரு தரம் தொட்டுக்கிடட்டுமா?"

"தொடுங்க."

தொட்டார். ஒன்றுமில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. அதற்குப் பிறகும் பல்பை ஒருமுறை வைத்துப் பார்த்தார். சந்தனமாரி தடுக்கவில்லை.

கண்டன்சரைத் துணியில் சுற்றினார். உட்கார்ந்தே இருந்தார்.

"வாத்தியாரே, எல்லாம் படிச்சாச்சு. கை நடுக்கம் மட்டும் போகலையே. செட்டை வீட்டுக்குள்ள எடுக்கிறப்போ லூர்து வாசல்ல நிப்பா. ஒண்ணும் செய்யாதான்னு கேப்பா. என்ன சொல்ல?"

"பயமா இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் சந்தனமாரி. "வழி விடுவாங்க."