மாசி வரட்டும்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மதுரையைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க வந்தார் மிராசுதார் வைத்திலிங்கம். அவருக்குக் குடைபிடிக்க, மதுரையிலிருந்த சம்பந்தி வீட்டார் தங்கள் வேலையாள் சடையனை அனுப்பியிருந்தார்கள்.

கோயிலுக்குள் ஆடி வீதியில் நிற்கும்போது, சடையன் மனைவிக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாகச் சேதி வந்தது. வீட்டுக்குப் போக உத்தரவு கேட்டான்.

"ஆடியில் கேட்டால் எப்படி? மாசி வந்ததும் போடா. மீனாட்சி சாட்சி!" என்றார் மிராசுதார். கூட வந்த சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே ஒருத்தி வலியில் துடிக்கிறாள், இதுகளுக்கு வேடிக்கை!

சடையன் பல்லைக் கடித்துக்கொண்டான். "சரிங்க ஐயா. ஊரைப் பார்க்கலாம், வாங்க."

வெளியே வந்தால் சித்திரை வீதி. அதைத் தாண்டி ஆவணி மூல வீதி. அடுத்த வீதியில் கால் வைத்ததும் குடையை மடக்கி மிராசுதார் கையில் திணித்தான்.

"என்னடா இது?"

சடையன் பூக்காரியிடம் திரும்பினான். "அக்கா, இது என்ன வீதி?"

"மாசி வீதி."

"மாசி வந்திருச்சு ஐயா. மீனாட்சி சாட்சி. நான் வாரேன்!"

சிநேகிதர்கள் இப்போது மிராசுதாரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"டேய், வெயிலுக்கு எவன்டா குடை பிடிப்பான்?"

ஓடிக்கொண்டே கத்தினான் சடையன்: "சித்திரை போய் மாசியே வந்தாச்சு. இன்னும் ஏது ஐயா வெயில்?"