செம்பன் நின்ற துளை

செம்பனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஓர் இறால். அதற்குப் பிறகு அந்த இறால் வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது, தண்ணீருக்கும் வாய் இருந்தது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லலாம். கேட்காததைச் சொல்லக் கூடாது. கேட்காமல் சொல்பவரை யாரும் மதிக்க மாட்டார்கள். எல்லாரும் அந்த வழக்கத்தைக் காப்பாற்றினார்கள். இந்தக் கதையில் நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

இன்று ஆடு மேயும் குன்றுகள் சில, அன்று கடலின் அடித்தரையாக இருந்தன. தரைக்குக் கீழே கருங்கல். அதற்கும் கீழே தீ. கருங்கல்லுக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். மூத்தவன் செம்பன். அவனுக்கு இளையவள் நாகம்மை. அவளைத்தான் இன்று துத்தநாகம் என்கிறோம். கடைசி ஈயாயி, அதாவது ஈயம். மூவரும் மூன்று உருவமாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கல் முழுவதும் பொடிப் பொடியாகச் சிதறி இருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு பொடி பேசினால் அந்தப் பக்கம் ஒரு பொடி பதில் சொல்லும். பெரியப்பா மகன் இரும்பனும் அங்கேதான் இருந்தான். அவன் எந்தக் கூட்டத்திலும் இருப்பான். சூடோ குளிரோ அவனுக்கு ஒன்றுதான்.

அவர்கள் வீட்டுக்கு ஒரே விருந்தாளி தண்ணீர். கடல்நீர் விரிசல் வழியாக மெல்ல மெல்ல இறங்கி வரும். இறங்க இறங்கச் சூடாகும். தீக்குப் பக்கத்தில் வந்து கொதித்ததும், வந்த வேலை முடிந்தது என்று மேலே கிளம்பிவிடும். தண்ணீரை அவர்கள் அத்தை என்று கூப்பிட்டார்கள். அத்தையோடு கூடவே வருவார் உப்பு மாமா. இருவரையும் பிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு முறை அத்தை வந்தபோது ஈயாயி கேட்டாள்.

"அத்தே, மேல என்ன இருக்கு?"

"கடல் இருக்கு."

"அதுக்கும் மேல?"

"வெயில் இருக்கு."

"வெயில்னா?"

அத்தை சற்று யோசித்தாள். "சூடா இருக்கும். வெளிச்சமா இருக்கும். மேல்தண்ணியில நான் கிடந்தப்போ முதுகெல்லாம் மினுமினுன்னு இருந்துச்சு."

அன்றிலிருந்து ஈயாயிக்கு வேறு பேச்சில்லை. வெயிலைப் பார்க்க வேண்டும். நாகம்மையும் அவளோடு சேர்ந்துகொண்டாள். செம்பனுக்கும் ஆசை இருந்தது, அவன் சொல்லிக்கொள்ளவில்லை.

மேலே போவதற்கு வழி ஒன்றுதான். அத்தையின் கொதிப்பில் கரைந்து, உப்பு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மாமா நல்லவர். ஆனால் அவர் கைக்கு ஒரு குறை உண்டு. செம்பன் அதைக் கேட்டான்.

"சூடு இருக்கிற வரைக்கும் விட மாட்டேன்," என்றார் அவர். "குளிர் பட்டா விரல் விறைச்சிடும். அப்புறம் நான் புடிச்சிருக்கேனா விட்டேனான்னு எனக்கே தெரியாது."

"எங்களுக்கு எவ்வளவு சூடு வேணும் மாமா?" என்றாள் ஈயாயி.

"உனக்கும் உங்க அக்காவுக்கும் வெதுவெதுப்பு போதும். செம்பனுக்கு அது பத்தாது. உலை மாதிரி கொதிக்கணும்."

இன்னொருவனும் அந்தக் கூட்டத்தில் வருவான். பெயர் கந்தகன். யாருக்கும் உறவில்லை. அழுகிய முட்டை நாற்றம் அவனுக்கு முன்னால் வரும், அவன் பின்னால் வருவான். யார் கை காலியாக இருக்கிறதோ அந்தக் கையைப் பிடித்துக்கொள்வான். பிடித்தால் இருவரும் சேர்ந்து கல்லாகிவிடுவார்கள். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவனுக்குப் பிடிக்கத் தெரியும், விடத் தெரியாது. கடுமையான சூடு பட்டால்தான் அவன் விரல்கள் பிரியும்.

"மூணு பேரும் ஒண்ணாப் போவோம்," என்றான் செம்பன். "தீ நல்லா ஏறட்டும். அத்தை நல்லாக் கொதிக்கட்டும்."

"அதுக்கு எத்தனை காலம் ஆகும்?" என்றாள் நாகம்மை.

"யாருக்குத் தெரியும்?"

"உனக்காக நாங்களும் இங்கேயே கிடக்கணுமாண்ணே?"

அக்காவும் தங்கையும் கூடிப் பேசினார்கள். தீக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எப்படிக் கணக்குப் போடுவார்களோ அப்படித்தான் போட்டார்கள். வெயில் சூடு என்று அத்தை சொல்லியிருக்கிறாள். வெயில் மேலே இருக்கிறது. அப்படியானால் மேலே போகப் போகச் சூடு கூடிக்கொண்டே போகும். புறப்படும்போது வெதுவெதுப்பு இருந்தாலே போதும், மிச்சம் வழியில் கிடைத்துவிடும். குளிர் என்ற சொல்லை மாமா வாயிலிருந்து கேட்டார்களே தவிர, அது என்ன என்று அவர்கள் அறிந்ததில்லை.

தரைக்கும் வெயிலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அத்தையிடம் அவர்கள் கேட்கவில்லை. கேட்காததால் அத்தை சொல்லவில்லை.

அடுத்து வந்த வெதுவெதுப்பான ஊற்றில் இருவரும் ஏறிவிட்டார்கள். இரும்பனும் கூடவே ஏறினான். போகிறபோது ஈயாயி, "அண்ணே, நாங்க வாசல்ல நிக்கிறோம். நீ பின்னாடியே வந்துடு," என்றாள். செம்பன் சரி என்றான். திட்டவில்லை.

கடலடியில் அந்த ஊற்றுக்கு ஒரு வாய் இருந்தது. குறுகலான துளை. அதைச் சுற்றி ஒரு மண்சுவர் புகைக்கூண்டு போல எழும்பியிருந்தது. அதன் விளிம்பில் ஓர் இறால் வசித்தது. அந்த நாளில் இறாலுக்கு நல்ல கண்கள் இருந்தன. அங்கே பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அது வாசலுக்கு முதுகைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருக்கும்.

நாகம்மையும் ஈயாயியும் அந்த வாசல் வரை வந்தார்கள். வெளியே கடல்நீர் சில்லென்று நின்றது. வெயில் பட்டு மினுமினுத்த தண்ணீர் அது இல்லை. உண்டான நாள் முதல் வெளிச்சம் படாத தண்ணீர். அது உள்ளே ஒரு விரற்கடை வந்ததும் மாமாவின் கை விறைத்தது. கந்தகன் பக்கத்திலேயே இருந்தான். வாசலைத் தாண்டும் முன்பே இருவரும் சுவரோடு சுவராகக் கல்லானார்கள். வழி பாதி அடைபட்டது. இரும்பன் மட்டும் எப்படியோ நுழைந்து வெளியே போய், சுற்றுவட்டாரம் முழுவதும் சிவப்பாகப் படிந்தான்.

நெடுங்காலம் சென்றது. தீ ஏறியது. அத்தை ஒரு நாள் உலைபோலக் கொதித்தாள். செம்பன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். வரும் வழியெல்லாம் கருங்கல் அவன் சூட்டில் வெளிறியது. வாசலுக்கு வந்தபோது அவனுக்கு நாற்றம்தான் முதலில் தெரிந்தது. பிறகு குரல் கேட்டது.

"அண்ணே."

"ஈயாயியா?"

"ஆமா. அக்காவும் இங்கதான் இருக்கா."

"வாசல்ல நிக்கிறோம்னு சொன்னீங்க."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம்," என்றாள் நாகம்மை. "முதல்ல இவனைக் கையை எடுக்கச் சொல்லு. நாத்தம் தாங்க முடியல."

"நானா வந்து புடிச்சேன்?" என்றான் கந்தகன். "கையை நீட்டுனது நீ."

"துழாவினேன்டா. நீட்டல."

செம்பன் அவர்களோடு வாதாடவில்லை. வாசல் விளிம்பில் இருந்த இறாலைப் பார்த்தான். அவன் கேட்கத் தெரிந்தவன்.

"இறாலே, வெளிய சூடா, குளிரா?"

"குளிர்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு எல்லாத் தூரத்துக்கும்."

"இப்ப இருக்கிற சூட்டோட நான் நிக்காம போனா?"

இறால் மீசையை நீட்டி அவன் சூட்டை அளந்தது. "கரும்புகையா மேல ஏறுவ. இதுக்கு முன்னால சில பேரு அப்படிப் போயிருக்காங்க. ரொம்ப உயரம் போனாங்க. எது வரைக்கும்னு எனக்குத் தெரியாது. சில பேரு தூளா என் தலையிலேயே விழுந்தாங்க. சில பேரு விழல."

"என் சூட்டை இவங்க மேல விட்டா?"

"இவங்க அவிழ்ந்துடுவாங்க. வாசலைத் தாண்டிக் கொஞ்சம் போகலாம். நீ இவங்க இடத்துல நிப்ப."

"கொஞ்சம்னா?"

"நான் வெளிய போய் வர்ற தூரம். அதுக்கு மேல கொஞ்சம்."

செம்பன் தங்கைகளின் பக்கம் திரும்பினான். பின்னாலிருந்து அத்தை தள்ளிக்கொண்டே இருந்தாள். கொதித்த தண்ணீருக்கு நிற்கத் தெரியாது.

"அண்ணே, நீ போ," என்றாள் ஈயாயி. "வெயில் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லு."

"திரும்பி வர இந்தப் பக்கம் வழி கிடையாது புள்ள."

"அப்ப சொல்ல வேணாம். பார்த்தா போதும்."

"உனக்குத்தானே பார்க்கணும்," என்றான் செம்பன். பிறகு இறாலிடம், "கண்ணை மூடிக்கோ," என்றான்.

இறாலுக்கு இமை கிடையாது. அது அவனுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் இறால் சொல்லியிருக்கும்.

செம்பன் தன்னிடம் இருந்த சூடு முழுவதையும் சுவரில் விட்டான். வாசல் சிவந்தது. உண்டான நாள் முதல் இருட்டாகவே கிடந்த அந்த இடத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. இறால் அதை நேராகப் பார்த்தது. சிவப்பின் நடுவில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. அதன் பிறகு அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கந்தகனின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நாகம்மையும் ஈயாயியும் சுவரிலிருந்து கரைந்து, மாமாவின் மறு கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள்.

செம்பனிடம் சூடு மிச்சமில்லை. மாமா அவனைப் பிடித்திருந்த கை விறைத்தது. கந்தகனின் இரண்டு கைகளும் அப்போது காலியாக இருந்தன. தங்கைகள் நின்ற அதே இடத்தில் செம்பன் மஞ்சள் நிறக் கல்லாக நின்றுவிட்டான்.

நாகம்மை அதிக தூரம் போகவில்லை. வாசலின் வெளி விளிம்பில் உட்கார்ந்தாள். வெல்லப்பாகின் நிறத்தில் கல்லானாள். "அண்ணன் வரட்டும்," என்றுதான் உட்கார்ந்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. சூடு தீர்ந்ததால் உட்கார்ந்தாள் என்றும் சொல்லலாம்.

ஈயாயி இன்னும் சற்றுப் போனாள். மாமா உடம்பு கனத்தவர். அத்தையின் கொதிப்பு அடங்கியதும் அவரால் மேலே ஏற முடியவில்லை. சரிவில் உருண்டு பக்கத்துப் பள்ளத்துக்குப் போனார். அவளும் கூடவே போனாள். பள்ளத்தில் கறுப்புச் சேறு மட்டும் இருந்தது. மேலிருந்து அது ஓயாமல் பெய்துகொண்டிருந்தது.

அங்கே வைத்துத்தான் ஈயாயி முதல் முறையாக அதைக் கேட்டாள். "மாமா, இங்கேருந்து வெயில் எவ்வளவு தூரம்?"

கேட்டுவிட்டதால் மாமா சொல்ல வேண்டியிருந்தது. "ரெண்டாயிரம் ஆள் உயரம்."

"நடுவுல?"

"குளிர்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"கேக்கலையே புள்ள."

"ஆமா, கேக்கல," என்றாள் ஈயாயி. மாமாவின் கை விறைத்தது. கந்தகன் வந்து சேர்ந்தான். அவள் சேற்றின் மேல் மெல்லிய தகடாகப் படிந்தாள். அதன் மேல் சேறு விழுந்தது. வாசலில் நின்ற அண்ணனின் பக்கமாக அடுத்த ஊற்று வந்தபோது, கருங்கல்லுக்குள் மிச்சம் இருந்த அவள் பொடிகளும் வந்து இன்னொரு தகடாகப் படிந்தன. மறுபடி சேறு. இப்படியே ஒன்று மாற்றி ஒன்றாகப் பல காலம் நடந்தது. அடியில் இருந்த தீ அணைந்ததும் நின்றது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். சேறு எல்லாவற்றையும் மூடியது. சேறு கல்லானது. கடல் வேறு பக்கம் போனது. தரை மடிந்து, நிமிர்ந்து, குன்றானது. மழை பெய்து குன்றின் தலையைக் கரைத்தது. முதலில் வெளியே வந்தவன் இரும்பன். செங்கல் நிறத்தில் துருவாகத் தெரிந்தான். அந்தத் துருவைப் பார்த்து ஆட்கள் வந்து தோண்டினார்கள். ஈயாயியின் ஒரு துண்டை எடுத்து மேட்டில் போட்டார்கள். உச்சிப்பொழுது. வெயில் அவள் மேல் பட்டது. அவள் முகங்கள் சதுரம் சதுரமாகப் பளபளத்தன. அதற்குள் கற்கள் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்ததால், வெயில் எப்படி இருந்தது என்று அவள் சொல்லவில்லை. தோண்டியவர்களும் கேட்கவில்லை.

செம்பன் வாசலில் நின்ற நாள் முதல்தான் செம்பு அடியிலும், அதற்கு மேல் துத்தநாகமும், தள்ளிப்போய்க் கரும்பாறையில் வரிவரியாக ஈயமும் கிடக்கின்றன. அன்று முதல்தான் மூன்றின் கையையும் கந்தகம் பிடித்திருக்கிறது; உலையில் இட்டு உருக்கினால்தான் விடுகிறது, விடும்போது நாறுகிறது. கடலடியில் இன்றும் கொதிக்கும் ஊற்றுகளின் வாசலில் இறால்கள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றுக்குப் பார்க்கும் கண் இல்லை. முதுகில் ஒரு வெளிறிய திட்டு இருக்கிறது. ஊற்றின் மங்கிய ஒளி அதில் படும்படி திரும்பி நிற்கின்றன.

செம்பன் நின்ற வாசல் குன்றுக்குள் இருக்கிறது. ஒரு விரல் நுழையும் அளவு துளை. உள்சுவர் மஞ்சள்.