சத்தமில்லாத நாலு நிமிஷம்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. அவர் பெயர் ஜெசிந்தா, வயது நாற்பத்தொன்று. சென்னையில் பதினைந்து வருடம் சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் வேலை பார்த்தவர். அந்த வேலையைப் பலருக்குச் சொல்லியும் கொடுத்தவர். கணவருக்கு மாற்றலான பிறகு திண்டிவனத்தில் குடியிருந்தார்.

தாடி சீடனுக்குத்தான் இருந்தது. அதுவும் நரைத்த தாடி. கலியமூர்த்தி என்று பெயர். நாற்பத்தெட்டு வயதில் முதல் படம் எடுத்து, அது வெளியான மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பகலில், சென்னையிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலில் நின்றான்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் ஜெசிந்தா. சீடன் வயதில் மூத்தவன் என்பதால் எப்போதும் 'நீங்க'தான்.

"இல்ல டீச்சர். இறங்க மாட்டேங்குது."

"படம் ஓடலையா?"

"ஓடுது. அதான் பிரச்சினை."

படம் விண்வெளிப் பயணக் கதை. மேகலா என்று ஒரு பெண், சனிக் கிரகத்தின் நிலா ஒன்றுக்குக் கிளம்புகிறாள். வழியில் விண்கலத்துக்கு வெளியே வந்து ரிப்பேர் பார்க்கும்போது அவளைக் கட்டியிருக்கும் கயிறு அறுந்துவிடுகிறது. மிதந்து மிதந்து விலகிப் போகிறாள். அந்த இடத்தில் நாலு நிமிஷம் படத்தில் சத்தமே கிடையாது. இசை இல்லை, மூச்சு இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. நம் ஜனத்தை நாலு நிமிஷம் வாயை மூடி உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமா? படம் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.

"ஒருத்தர் 'தமிழ் சினிமா பூமியை விட்டுக் கிளம்பிடுச்சு'ன்னு எழுதறார் டீச்சர். இன்னொருத்தர் 'கிளம்பினது திரும்பி வராமலே இருந்திருக்கலாம்'ங்கறார். எங்க வீட்டுலயே என் சம்சாரம் ஒரு கட்சி, மச்சான் ஒரு கட்சி. அக்காவும் தம்பியும் நேத்துலேருந்து பேசிக்கல."

"தயாரிப்பாளர் என்ன சொல்றார்?"

"நாச்சியப்பன் சார் எனக்குத் தெரியாம அந்த நாலு நிமிஷத்துக்கும் மியூசிக் போட்டு வெச்சிட்டார். இன்னிக்கு மூணரைக்கு போன் பண்ணுவார். நான் சரின்னு சொன்னா, நாளைக்குக் காலை ஆட்டத்துலேருந்து எல்லா தியேட்டர்லயும் மியூசிக்கோட ஓடும். இல்லைன்னா முக்காவாசி தியேட்டர்ல படத்தைத் தூக்கிடுவாங்களாம்."

"நீங்க எந்தக் கட்சி?"

கலியமூர்த்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? நான் எடுத்த படம். ஒன்பது வருஷம் நாயா அலைஞ்சது அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான். உசுரே போனாலும் அதுல கை வைக்க விட மாட்டேன்."

"அப்புறம் என்ன கேக்க வந்தீங்க?"

"ரெண்டு கட்சியில எது சரின்னு."

ஜெசிந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை.

"நான் இன்னும் படம் பாக்கல. இந்த ஊர்லயே ஓடுது. ரெண்டு மணி ஆட்டம். வாங்க, போய்ட்டு வந்துருவோம்."

அவன் தயங்கினான். வெளியான நாளிலிருந்து தியேட்டர் பக்கமே அவன் போகவில்லை. போனில் வந்த விமரிசனங்களைத்தான் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் குரு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

தியேட்டரில் பாதிக்கு மேல் கூட்டம் இருந்தது. முன்வரிசையில் விசிலடிக்கும் பையன்கள். இவர்களுக்கு நேர் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், மனைவியும் கைக்குழந்தையுமாக வந்திருந்தார். இரண்டு வரிசை பின்னால் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர்.

படம் ஆரம்பித்தது. ஜெசிந்தா திரையைப் பார்த்தார். கலியமூர்த்தி ஆட்களைப் பார்த்தான். யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் போனை எடுக்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துணைக்கலம் ஒன்று வானத்தில் வெடிக்கும் காட்சி வந்தது. டமால் என்ற சத்தத்தில் நாற்காலிகள் அதிர, முன்வரிசை எழுந்து நின்று விசிலடித்தது. அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

பிறகு கயிறு அறுந்தது.

சத்தம் நின்றது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மேலே சுற்றும் மின்விசிறியின் கடகடப்பு கேட்டது. யாரோ சிப்ஸ் பொட்டலத்தைக் கசக்கினார்கள், அதுவும் நின்றது. திரையில் மேகலா கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கலம் அவளை விட்டுச் சின்னதாகிக்கொண்டே போனது.

"சவுண்டு!" என்று ஒரு குரல் முன்னாலிருந்து வந்தது.

"டேய் ஆபரேட்டர்! தூங்கிட்டியா?"

விசில் பறந்தது. நாற்காலிக் கைகளைத் தட்டினார்கள். நேர் முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து, பின்சுவரில் இருந்த ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"யோவ், சவுண்டு போயிருச்சுய்யா! பாரு!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அண்ணா, சவுண்டு போகல. படமே அப்படித்தான். உக்காருங்க ப்ளீஸ்."

"என்னம்மா சொல்றே?"

"அங்க காத்து இல்லண்ணா. காத்து இல்லைன்னா சத்தம் கேக்காது. அதான் அப்படி எடுத்திருக்காங்க."

மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். பயந்துகொண்டேதான் பேசினாள், ஆனாலும் பேசினாள். கலியமூர்த்திக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் விடவில்லை. "அப்போ சித்த முன்னாடி வெடிச்சுதே, டமால்னு கேட்டுச்சே? அங்க மட்டும் காத்து எங்கேருந்து வந்துச்சு?"

நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் தோழியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பதில் கலியமூர்த்தியிடம்தான் இருந்தது. வெடிச் சத்தத்தை டிரெய்லருக்காக அவனேதான் வைக்கச் சொன்னான்.

"நீ வேற உளறாம உக்காரும்மா," என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

"மரியாதையாப் பேசு!" என்று அந்தப் பெண்ணின் தோழி எழுந்தாள்.

"என்னடி மரியாதை?"

பக்கவாட்டில் இருந்த ஒரு ஆள் பாய்ந்து வந்து அந்தப் பையனின் சட்டையைப் பிடித்தான். பையனின் கூட்டாளிகள் நாற்காலிகளைத் தாண்டி வந்தார்கள். திரையில் மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். அதை யாரும் பார்க்கவில்லை, ஜெசிந்தாவைத் தவிர.

"இருங்கப்பா, இருங்கப்பா!" வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். அடிதடிக்கு ஆகிற மனிதர் இல்லை அவர், குழந்தையோடு வந்தவர். சுற்றிலும் பார்த்தார். கலியமூர்த்தியின் நரைத்த தாடி அவர் கண்ணில் பட்டது.

"சார், நாலு எழுத்து படிச்சவரு மாதிரி இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. சவுண்டு போயிருச்சா, இல்ல வேணும்னே இப்படி வெச்சிருக்கானா?"

சட்டையைப் பிடித்த கைகள் அப்படியே நின்றன. பத்திருபது முகங்கள் அவன் பக்கம் திரும்பின. கண்ணாடி போட்ட பெண்ணும் பார்த்தாள். சாட்சிக்கு ஒருவர் கிடைத்துவிட்டார் என்கிற நம்பிக்கையோடு அவள் அவனைப் பார்த்தாள்.

கலியமூர்த்தி குருவைத் திரும்பிப் பார்த்தான். ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வேணும்னே வைத்தது என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டி வரும். சொன்ன பிறகு இந்தக் கூட்டம் என்ன செய்யும்? வெடிச் சத்தத்துக்கு என்ன பதில் சொல்வது? பயமாக இருந்தது.

"சவுண்டு... போயிருச்சு போலிருக்கு," என்றான்.

"பாத்தீங்களா! சார் சொல்லிட்டார்!"

அவ்வளவுதான். சண்டை தீர்ந்துபோனது. இப்போது தியேட்டர் முழுக்க ஒரே கட்சி. "ஆபரேட்டர்! ஆபரேட்டர்!" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். சட்டையைப் பிடித்தவனும் பிடிக்கப்பட்டவனும்கூட ஒன்றாகக் கத்தினார்கள். கண்ணாடி போட்ட பெண் மெல்ல உட்கார்ந்தாள். முகம் சிவந்து, குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மேலே இருந்த ஆபரேட்டர் பாவம், என்ன செய்வார்? ஒலியை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி வைத்தார். நாலு நிமிஷம் முடிந்தது. படத்தில் அந்த இடத்தில் மேகலா மெதுவாக ஒரு மூச்சு இழுப்பாள். அந்த ஒரு மூச்சைப் பதிவு செய்ய கலியமூர்த்தி பதினோரு நாள் எடுத்திருந்தான். அது இப்போது இடி மாதிரி வந்து விழுந்தது. கைக்குழந்தை வீறிட்டு அழுதது. தியேட்டர் கொல்லென்று சிரித்தது.

இடைவேளை விளக்குகள் எரிந்தன.

வெளியே வெயில் கொளுத்தியது. ஜெசிந்தா வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்பமரத்தடிக்கு வந்தார். பின்னாலேயே கலியமூர்த்தி வந்தான்.

"பாத்தீங்கல்ல டீச்சர்? இந்த ஜனங்களுக்குப் போய் நல்ல படம் எடுக்கணும்னு..."

ஜெசிந்தா கடலையை ஊதித் தோலை நீக்கினார்.

கல்லூரிப் பெண்கள் அவர்களைத் தாண்டிக் குளிர்பானக் கடைக்குப் போனார்கள். கண்ணாடி போட்டவள் தோழியிடம் சொல்லிக்கொண்டே போனாள். "சவுண்டுதான் போயிருக்குடி. நான்தான் ஏதோ புரிஞ்ச மாதிரி எழுந்து பேசிட்டேன். அசிங்கமாப் போச்சு."

கலியமூர்த்தி ஒரு அடி எடுத்து வைத்தான். அவளைக் கூப்பிட வேண்டும், இல்லம்மா, நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். பின்னாலேயே வெள்ளைச் சட்டைக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வந்தார். இவனைப் பார்த்ததும் சிநேகமாகச் சிரித்தார்.

"நல்ல நேரத்துல சொன்னீங்க சார். இல்லைன்னா அடிச்சிக்கிட்டு இருப்பானுங்க."

அவன் எடுத்த அடியைப் பின்னால் வைத்தான். அந்தப் பெண் கூட்டத்தில் மறைந்துபோனாள். தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மணி மூன்றரை.

"கலியமூர்த்தி, நாச்சியப்பன் பேசறேன். இங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. மியூசிக் வேணுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லிருங்க, நான் கேட்டுக்கறேன்."

"ஒரு நிமிஷம் சார்."

போனைக் கையால் பொத்தினான். குருவிடம் கேட்க வந்த கேள்வி இப்போது அவனுக்கே மறந்துபோயிருந்தது. எந்தக் கட்சி சரி என்பதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"டீச்சர், இவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

உள்ளே இடைவேளை முடிந்து மணி அடித்தது. ஜெசிந்தா கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதிப் படத்தைப் பார்க்கக் கிளம்பினார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"அதான் உள்ளேயே சொல்லிட்டீங்களே," என்றார்.